சேஃப்டி ஷூவைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

கடையில் சேஃப்டி ஷூவைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் செய்வது மூக்கைத் தட்டிப் பார்ப்பது. 'டக்'கென்று சத்தம் வந்தால் ஸ்டீல் டோ இருக்கிறது, போதும் என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். இரும்புத் தொப்பி வேண்டும்தான். ஆனால் வழுக்குவது, ஆணி ஏறுவது, தாரில் இளகுவது, ஆறே மாதத்தில் வாயைப் பிளப்பது எல்லாம் அடியில் நடக்கிற சங்கதி. அதனால் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் தேர்வைத் தொடங்க வேண்டும். எந்தத் தரையில் நாள் முழுக்க நிற்கப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தால் அலமாரியில் இருக்கும் பாதி ஜோடியைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம்.

இங்கே கிடைக்கிற சோல்கள் பெரும்பாலும் மூன்று வகை. பிவிசி சோல் விலை குறைவு, கனம், வெயிலில் இளகும், நாளாக நாளாக இறுகி வெடிக்கும், ஈரமான வழவழப்புத் தரையில் பிடிமானம் சுமார்தான். பியூ (பாலியூரிதேன்) சோல் இலேசானது, குதிகாலுக்கு மெத்தென்று இருக்கும். இன்று விற்பனையாகும் ஷூக்களில் அதிகம் இதுதான். 'டபுள் டென்சிட்டி' என்று எழுதியிருந்தால் மேலடுக்கு மிருதுவாகவும் தரையில் படும் அடுக்கு கெட்டியாகவும் வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது நைட்ரைல் ரப்பர்: எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும், சீக்கிரம் தேயாது, ஆனால் விலையும் எடையும் கூடுதல். இடைநிலையாக, மேலே பியூ, தரையில் படும் இடத்தில் மட்டும் நைட்ரைல் வைத்த ஷூவும் உண்டு. கடினமான வேலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். வாங்கும்போது முன்பாதம் மடியும் இடத்தில் ஷூவை நன்றாக வளைத்து, இரண்டு அடுக்கும் சேரும் கோட்டைப் பாருங்கள். அங்கே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் வேண்டாம்.

பியூ சோலுக்கு ஒரு வியாதி உண்டு. வாங்கும் பலருக்கும் அது தெரிவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. காற்றில் உள்ள ஈரமே அந்தப் பொருளின் கட்டமைப்பை மெல்ல அறுத்துவிடும். பாலியெஸ்டர் வகைப் பியூவில் இது அதிகம்; சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகமும் அதிகம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இரண்டுக்கும் குறைவில்லை. காலில் போடாமல் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூகூட, சில வருடம் கழித்து எடுத்து நாலு அடி நடந்தால் ரஸ்க் மாதிரி உதிரும். இன்னும் சொல்லப்போனால் தினமும் போடுகிற ஷூவைவிடப் பெட்டியில் தூங்குகிற ஷூதான் இதில் மோசம். கம்பெனி ஸ்டோர்ஸில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இரண்டு மூன்று வருடத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்குவது இதனால்தான் தவறு. ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். ஷூவிலேயே தயாரித்த வருடமும், மாதமோ காலாண்டோ போட்டிருக்கும். பெரும்பாலும் சோலின் அடியில் வட்டமான குறியாக, இல்லையென்றால் நாக்கின் உட்புறத் துணியில். இரண்டு வருடம் தாண்டிய பியூ ஷூவை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். குறியே இல்லாத ஷூவை விலைகூடக் கேட்க வேண்டாம். பக்கச் சுவரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, வளைக்கும்போது மெல்லிய விரிசல்கள் ஓடினாலோ அந்தச் சோலின் கதை முடிந்தது.

இனி தரை. சாலைப் பணியில் விஜி-30 என்ற ரகத் தார் கலந்த ஜல்லிக் கலவையைப் பரப்பும்போது அதன் சூடு 140 டிகிரிக்கு மேல். கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால் ரேக் பிடித்து நடப்பவர் அந்தக் கலவையிலேயே காலை வைத்து எடுக்கிறார். பியூ சோல் ஏறக்குறைய 120 டிகிரி வரைக்கும்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மேலே போனால் அடியில் புடைத்திருக்கும் கட்டைகள் மழுங்கி, ஜல்லி ஒட்டிக்கொண்டு, சோல் பட்டையாக உரியும். இந்த வேலைக்கு, ஷூவில் 'எச்ஆர்ஓ' (HRO) என்ற ஆங்கில எழுத்துக் குறி உள்ள நைட்ரைல் சோல் தவிர வேறு எதுவும் சரிப்படாது. 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்கியிருந்தால்தான் அந்தக் குறியைப் போடலாம். ஆனால் சோல் உருகவில்லை என்பதற்காகப் பாதம் வேகாது என்று அர்த்தமில்லை. அதற்குத் தனியாக 'எச்ஐ' என்ற குறி இருக்கிறது. 150 டிகிரி சூட்டின் மேல் அரை மணி நேரம் வைத்தும் உள்ளே வெப்பம் 22 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது அந்தச் சோதனை. தார் வேலைக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். ஒட்டிய தாரை டீசல் போட்டுத் துடைக்கிற பழக்கம் எங்கும் உண்டு. டீசல் தோலின் எண்ணெய்ப் பதத்தை எடுத்துவிடும், ஒட்டுப்பசையை இளக்கும். ஆறவிட்டு மரச்சில்லால் சுரண்டுவதே மேல்.

சென்ட்ரிங் வேலையில் ஆபத்து வேறு மாதிரி. பலகை பிரிக்கும்போது இரண்டரை, மூன்று இஞ்ச் ஆணிகள் தலைகீழாக நிற்கும். இங்கே ஸ்டீல் டோவைவிட முக்கியம் பாதத்தின் அடியில் வைத்த பிளேட். 'பி' என்ற எழுத்து இருந்தால், 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள சோதனை ஆணியை 1,100 நியூட்டன், அதாவது சுமார் 112 கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்தியும் ஊடுருவவில்லை என்று பொருள். பிளேட் இரண்டு வகை. இரும்புத் தகடு மெல்லிய ஆணியையும் தடுக்கும், ஆனால் பாதத்தின் விளிம்பு வரை எட்டாது. ஓரத்தில் ஏறும் ஆணிக்கு வழி இருக்கும். கனத்த நெசவுத் துணியால் ஆன பிளேட் அடிப்பாகம் முழுவதையும் மூடும், நன்றாக மடங்கும், சூடு ஏறாது. ஆனால் சன்னமான கூர் ஆணி அதன் இழைகளை விலக்கிக்கொண்டு நுழையலாம். சேஃப்டி ஷூவுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 20345-இன் 2021 பதிப்பு துணி பிளேட்டை 'பிஎல்', 'பிஎஸ்' என்று இரண்டாகப் பிரித்தது இதனால்தான்; பிஎஸ் என்றால் 3 மில்லிமீட்டர் ஆணியிலும் சோதித்தது. பலகை பிரிப்பவருக்கு நான் இரும்புத் தகட்டையே சொல்வேன். ஆணி ஏறிவிட்டால் டெட்டனஸ் ஊசியோடு விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆணி போகிற வழியில் சோல் துணுக்கையும் அழுக்கையும் காலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாளில் வீக்கமோ வலியோ கூடினால் மறுபடி மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கம்பி கட்டுபவர்களின் கஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆறு இஞ்ச் இடைவெளியில் கட்டிய கம்பி வலையின் மேல் நாள் முழுக்க நடக்கிறார்கள். மிருதுவான சோல் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்கே மடங்கும். சாயங்காலம் உள்ளங்கால் வளைவு விண்விண்ணென்று வலிக்கும். ஷூவின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். விரல்கள் பக்கம் மடங்க வேண்டும். நடுவில் துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகாலுக்கு முன்னால் படி மாதிரி ஒரு வெட்டு தெளிவாக இருந்தால் கம்பியிலும் ஏணியிலும் கால் சறுக்காமல் நிற்கும். அடி தட்டையான ஷூ இந்த வேலைக்கு ஆகாது.

கான்கிரீட் போடும் நாளில் தோல் ஷூவே வேண்டாம். ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். தோலை வறட்டி வெடிக்க வைக்கும், பருத்தி நூலை அரிக்கும். அதைவிட மோசம், உள்ளே இறங்கிய சிமென்ட் பால் காலைப் புண்ணாக்குவது. பட்டவுடன் எரியாது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்துச் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியும். கம்பூட்ஸ்தான் வழி. அதிலும் டோவும் பிளேட்டும் வைத்தது வருகிறது. 'எஸ்5' என்று குறித்திருக்கும். பேண்டைப் பூட்டுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள், கலவை உள்ளே வழியாது. வழிந்துவிட்டால் 'இந்த லோடு முடியட்டும்' என்று காத்திருக்காமல் உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஒர்க்‌ஷாப், எண்ணெய் சிந்திய தரை, ஓட்டல் சமையற்கட்டு இங்கெல்லாம் பெரிய பெரிய கட்டை வைத்த சோல் நல்லது என்று நினைப்பது தப்புக்கணக்கு. சேற்றுக்கும் மண்ணுக்கும்தான் அகலமான பள்ளமும் உயரமான கட்டையும். நடக்க நடக்க மண் தானாக உதிரும். வழவழப்பான தரையில் அந்தக் கட்டைகளின் முனை மட்டுமே படுவதால் பிடிமானம் குறையும். அங்கே சிறிய கட்டைகள் நெருக்கமாக, எண்ணெய் வெளியேறக் குறுகிய வாய்க்கால்களோடு, தட்டையாக இருக்க வேண்டும். வழுக்குச் சோதனைக்கு, ஐஎஸ்ஓ தரநிலையின் பழைய பதிப்பில் 'எஸ்ஆர்ஏ' என்றால் சோப்புநீர் ஊற்றிய பீங்கான் தரையில் தேறியது, 'எஸ்ஆர்பி' என்றால் கிளிசரின் தடவிய இரும்புத் தரையில் தேறியது, 'எஸ்ஆர்சி' என்றால் இரண்டிலும். 2021 பதிப்பில் இந்த மூன்றுக்கும் பதில் 'எஸ்ஆர்' என்ற ஒரே குறிதான். பழைய குறி என்றால் எஸ்ஆர்சி, புதியது என்றால் எஸ்ஆர் கேளுங்கள். கேட்டு வாங்கிவிட்டு, கட்டைகளுக்கு நடுவே கிரீஸ் அடைத்துக்கொண்டபின் அப்படியே நடந்தால் பிரயோசனமில்லை. வாரம் ஒரு தடவை கம்பி பிரஷ் போட வேண்டும்.

வெல்டிங் பக்கம் எதிரி மேலிருந்து வருகிறது. தீப்பொறி லேஸில் விழுந்தால் லேஸ் எரியும், நாக்குக்கும் ஓரத்துக்கும் இடையில் விழுந்தால் காலில்தான் நிற்கும். லேஸை மூடும் தோல் மடிப்பு, அல்லது லேஸே இல்லாமல் ஒரே இழுப்பில் கழற்ற முடிகிற பட்டை, தீயில் இளகாத தையல் நூல் இவை வேண்டும். வார்ப்படப் பட்டறையில் ஒரே இழுப்பில் கழற்றுவது என்பது வசதிக்காக அல்ல. உருகிய உலோகம் உள்ளே போனால் முடிச்சு அவிழ்க்க நேரம் இருக்காது. இந்த இரண்டு வேலைக்கும் ஐஎஸ்ஓ 20349 என்று தனித் தரநிலையே இருக்கிறது.

முத்திரை பற்றி. இந்தியாவில் பொருந்துவது ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தரநிலை. அதன் பகுதி 2 தான் 'சேஃப்டி' ஷூ: 200 ஜூல் அடி, அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழும் அடியும், 15 கிலோநியூட்டன், சுமார் ஒன்றரை டன் அழுத்தமும் தாங்க வேண்டும். பகுதி 3-இல் அடி 100 ஜூல்தான். பகுதி 4-இல் டோவே கட்டாயமில்லை. மூன்றுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உண்டு என்பதால், 'ஐஎஸ்ஐ இருக்கு சார்' என்ற பதில் போதாது. பகுதி எண்ணைப் படியுங்கள். 2020-இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை இந்த வகைக் காலணிகளுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. உண்மையான முத்திரையில் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம்.

அடுத்து, ஷூவின் பாதுகாப்பு வகையைச் சொல்லும் குறிகள். எஸ்1 என்றால் மூடிய குதிகால், நிலைமின்னைக் கடத்தும் தன்மை, குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை. எஸ்1பி-யில் பிளேட் சேரும். எஸ்2-இல் மேல்தோல் நீர் தடுக்கும். எஸ்3-இல் அத்தனையும், கட்டை வைத்த சோலும். கட்டுமானத் தளத்துக்கு எஸ்3 வாங்குங்கள், பணம் இடித்தால் எஸ்1பி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். எஸ்3 என்பதால் தண்ணீரில் நிற்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மேல்தோலுக்கான ஒரு மணி நேரச் சோதனை மட்டும். தையல் வழியாகத் தண்ணீர் வரும். முழு ஷூவும் நீர் புகாதது என்றால் 'டபிள்யூஆர்' என்று தனியாகப் போட்டிருக்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அங்கே ஐரோப்பிய எண்ணோடு (ஈஎன் ஐஎஸ்ஓ 20345) அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2413 குறியையும் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் எஸ்எஸ் 513. அமெரிக்கக் குறியில் உள்ள 75 என்பது அடி-பவுண்டு கணக்கு, ஏறத்தாழ 102 ஜூல். சோதனை முறையும் வேறு என்பதால் 200-உடன் நேராக ஒப்பிட முடியாது. வேலை கொடுப்பவர் எந்த எண்ணைக் கேட்கிறாரோ அதை வாங்குவதே பத்திரம்.

எலக்ட்ரீசியன்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஆன்டிஸ்டேட்டிக்' என்பது ஷாக் அடிக்காத ஷூ அல்ல. உடம்பில் சேரும் நிலைமின்னைத் தரைக்கு இறக்குவதற்காக, ஓரளவு மின்சாரம் போகும்படியே செய்தது. அதன் மின்தடை 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். மின்காப்புக்கென்று சோதித்த ஷூ தனி வகை. அதுகூட ஈரமானாலோ, சோலில் ஆணி குத்தியிருந்தாலோ நம்பக் கூடியதல்ல.

மேல்தோலுக்கு வருவோம். நாக்கின் விளிம்பு, கழுத்தின் விளிம்பு என்று வெட்டுவாய் தெரியும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நல்ல தோலில் இழைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியாக இருக்கும். பிளந்த அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதில் படலம் தனியாகவும் கீழே பஞ்சு பஞ்சாகவும் தெரியும். அதை அழுத்தி மடித்தால் மடிப்பில் வெண்கோடு விழும். சில மாதத்தில் அதே கோட்டில் உரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு விரல் பட்டதுமே தெரிந்துவிடும் விஷயம் இது. 'பார்ட்டன்' என்று கடையில் சொல்வது பெரும்பாலும் எருமைத் தோலில் சொரசொரப்பு அச்சு பதித்தது, தடிமன் 1.8 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் உழைக்கும். டைல்ஸ் போடுபவர், பிளம்பர் மாதிரி முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கு மூக்குத் தோல்தான் முதலில் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டும். அவர்கள் மூக்கின் மேல் ரப்பர் கவசம் வார்த்த ஷூவாகப் பார்க்க வேண்டும். நாக்கு இரண்டு பக்கமும் உடலோடு சேர்த்துத் தைத்திருந்தால் மண்ணும் சில்லும் உள்ளே போகாது.

அளவில்தான் பெரும்பாலான ஷூக்கள் வீணாகின்றன. நம் ஊர்க் கால்கள் பலவும் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவை, முன்பக்கம் அகலம். தோல் போகப் போக விட்டுக்கொடுக்கும், இரும்புத் தொப்பி ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது. கடையில் சுண்டுவிரல் பக்கம் இடித்தால் 'போட்டா சரியாயிடும்' என்ற பேச்சை நம்பாதீர்கள், ஆணிக்கால் வரும். அதற்காக ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதும் தீர்வல்ல. ஒரு சைஸுக்கு நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஷூ மடியும் இடம் கால் மடியும் இடத்துக்கு முன்னால் போய்விடும். குனியும்போதெல்லாம் தொப்பியின் பின்விளிம்பு விரல்களின் மேல் வெட்டும். அகலமான அச்சில் செய்த மாடலைத் தேடுவதே வழி. சாயங்காலம், கால் சற்று வீங்கிய நேரத்தில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போடுங்கள். நின்றபடி முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். சரிவான இடத்தில் இறங்கிப் பாருங்கள்: விரல் இரும்பில் முட்டக் கூடாது, குதிகால் எழும்பக் கூடாது. கால் இரண்டும் ஒரே அளவு இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்குங்கள். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஆண்களின் 6-ஆம் நம்பரைக் கொடுத்து இரண்டு சாக்ஸ் போடச் சொல்லும் சைட்டுகள் உண்டு. தளர்ந்த குதிகாலோடு சாரத்தில் ஏறச் சொல்வதற்கு அது சமம். பெண்களுக்கான அச்சில் 3, 4 நம்பர்கள் தனியாக வருகின்றன, ஆர்டர் கொடுத்தால் கிடைக்கும்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. சேற்றை அன்றன்றே கழுவுங்கள். உள்ளட்டையைக் கழற்றிக் காயவிடுங்கள். நனைந்தால் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். உச்சி வெயிலிலோ பாய்லர் பக்கத்திலோ காயவைத்தால் தோல் முறுகி, ஒட்டு விடும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே ராத்திரியில் வியர்வை ஈரம் முழுதாகப் போகாது. சோலை மேல்தோலோடு சுற்றிலும் தைத்துச் சேர்த்த ('வெல்ட்' தையல்) ஷூவுக்குச் சோல் மாற்றலாம். வார்த்து ஒட்டிய சோலுக்கு அது முடியாது. தெருமுனையில் ஊசி போட்டுத் தைத்து வாங்கினால் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

கழிக்க வேண்டிய நேரத்துக்கு அளவுகோல்கள் எளிது. முன்பாதத்தில் கட்டைகள் மழுங்கி அடி சமமாகிவிட்டால் மாற்றுங்கள். இரும்போ பிளேட்டோ வெளியே தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கனமான பொருள் மூக்கில் விழுந்திருந்தால், மேலே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஜோடி முடிந்தது. ஒருமுறை அமுங்கிய தொப்பி அடுத்த அடியைத் தாங்காது. கலப்புப் பொருளால் ஆன காம்போசிட் டோவில் உள்விரிசல் வெளியே தெரியவும் தெரியாது. அப்படிக் கழித்த ஷூவைக் குப்பையில் முழுசாகப் போட்டால் பாலிஷ் போட்டுப் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். நாக்கையும் குதிகால் தோலையும் கத்தியால் வெட்டிவிட்டுப் போடுங்கள்.